பாட்டைச் செய்தவர் யார்?

காத்திருப்பதில் பல வகை உண்டு. திண்டுக்கல் சீமையில் வசிக்கும் நமக்கு அதில் நல்ல பயிற்சி உண்டென்றே சொல்ல வேண்டும். மலைமுகட்டில் மேகம் கூடுவதைப் பார்த்தபடி மழைக்குக் காத்திருக்கிறோம். வடமதுரை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிறோம். தக்காளி பயிரிட்டவர்கள் அய்யலூர்ச் சந்தையில் நல்ல விலைக்குக் காத்திருக்கிறார்கள். மழை பொய்த்தால் வருண பகவானைக் குறை சொல்கிறோம். ரயில் தாமதித்தால் ரயில்வே இலாகாவை. விலை விழுந்தால் தரகர்களை. குறை சொல்வதற்கு ஓர் ஆள் அகப்பட்டுவிட்டால், காத்திருக்கும் கஷ்டத்தில் பாதி குறைந்துவிடும் என்பது அநுபவ உண்மை.

ஆனால் ஒரு பாட்டு குறித்த காலத்தில் வராமற்போனால் யாரைக் குறை சொல்வது? பாடகியையா? பாட்டை விற்கும் கம்பெனியையா? அல்லது பாட்டுக்குத் தாளமும் ஒலியும் அமைத்துக் கொடுக்கிறவரையா? இந்தக் கேள்வி 2013-ஆம் ஆண்டில் லண்டனிலும் நியூயார்க்கிலும் இன்னும் பல நகரங்களிலும் உள்ள இளைஞர்களைப் பெரிதும் வாட்டியது. அவர்கள் காத்திருந்தது ஒரு தமிழ்ப் பெண்மணியின் பாட்டுத் தொகுதிக்கு. ஆகையால் அந்த விவகாரத்தில் நமக்கும் சிறிது பாத்தியதை உண்டு என்று நினைக்கிறோம். அந்தப் பாத்தியதை எவ்வளவு என்பதையும் இக்கட்டுரையின் முடிவுக்குள் தீர்மானித்துக்கொள்ளலாம்.

மாதங்கி யார்?

அப்பெண்மணியின் பெயர் மாதங்கி அருள்பிரகாசம். வீட்டில் அழைக்கும் பெயர் மாயா. மேல்நாட்டு இசை உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்ற மூன்றெழுத்தால் அறியும். யுத்தத்தில் காணாமற்போன சிப்பாய்களைக் குறிக்க ஆங்கிலேயர் பட்டியலில் எழுதும் எழுத்துக்கள் அவை. யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, உறவினரையும் ஊரையும் விட்டுப் பிரிந்து வந்த ஒருவர் தமக்கு இப்படி ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டதன் காரணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஸ்ரீமதி மாயா 1975-ஆம் ஆண்டு ஜூலை மாதம் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருக்கையில் பெற்றோர் அவரை யாழ்ப்பாணத்துக்கு எடுத்துச் சென்றனர். தந்தை அருளர் என்று அறியப்பட்டவர். ஈழப் புரட்சி மாணவர் அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர். அவர் வீட்டில் தங்கிய நாட்கள் மிகக் குறைவு. குழந்தைகளை வளர்த்தவர் தாயார் கலா. யாழ்ப்பாணத்தில் சில காலம், சென்னையில் சில காலம் என்று அலைந்த குடும்பம் 1986-ஆம் ஆண்டில் மீண்டும் லண்டனுக்கு வந்து, நகரின் தென்பகுதியில் ஏழைகள் வசிக்கும் குடியிருப்பு ஒன்றில் இடம் பெற்றது. தாயார் தையல் வேலை செய்தார். மகள் பள்ளியிலே ஆங்கிலமும், அயல்வீட்டு வானொலிகளிலிருந்து பாட்டும் கற்றுக்கொண்டார்.

பிறகு ஓர் ஓவியக் கலாசாலையில் சினிமாக் கலை பயின்றார். சங்கீதம் அவர் முறையாகக் கற்ற வித்தை அன்று. சிநேகிதி ஒருவரிடம் கடன் வாங்கிய தாள யந்திரம் ஒன்றைத் தம் அறையில் வைத்துக்கொண்டு, தாமே தட்டி, தாமே பாடிப் பார்த்தார். அப்படிப் பிறந்த 'கலாங்' என்னும் பாட்டு 2003-இல் ஐந்நூறே இசைத்தட்டுகளாக வெளியாயிற்று. ஐந்நூறு தட்டு என்பது நம் ஊர்க் கல்யாணம் ஒன்றில் இலை போடும் கணக்கைவிடக் குறைவு. ஆனாலும் அந்த ஐந்நூறு தட்டும் போக வேண்டிய காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பெரிய கம்பெனிகள் அவரைத் தேடி வந்தன.

தயாரிப்பாளர் என்பவர்

மேலே செல்வதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தயாரிப்பாளர் என்றதும் நமக்குப் பணம் போட்டுச் சினிமாப் படம் எடுக்கும் முதலாளியின் ஞாபகம் வரும். மேல்நாட்டுப் பாட்டுலகில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. தாளத்தைக் கட்டுவது, வாத்தியங்களைச் சேர்ப்பது, குரலைப் பதிவு செய்வது, எல்லாவற்றையும் ஒன்றாக இழைத்து ஒலியைச் சரிசெய்வது ஆகிய காரியங்களைச் செய்பவரே அங்கே தயாரிப்பாளர். நம்முடைய சங்கீத டைரக்டருக்கும் ஒலிப்பதிவாளருக்கும் நடுவே நிற்பவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் பாட்டு சங்கீத டைரக்டருடையது. 'இளையராஜா பாட்டு' என்கிறோம், 'ரஹ்மான் பாட்டு' என்கிறோம். பாடியவர் பெயரை இரண்டாவதாகவே சொல்கிறோம். மேல்நாட்டு வழக்கம் இதற்கு நேர்மாறானது. அங்கே பாட்டு பாடகருடையது. அட்டையில் பெரிய எழுத்து அவருடைய பெயர். தயாரிப்பாளர் பெயரைக் காணப் பூதக்கண்ணாடி தேவை. ஆகவே அங்குள்ள ரஸிகர்களில் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். படித்ததும் சர்ச்சை பிறக்கிறது. 'இந்தத் தாளம் இன்னாருடையது. அவர் இல்லாவிட்டால் அம்மணியின் பாட்டில் என்ன இருக்கிறது?' என்று ஒருவர் கேட்பார். 'அவரை விட்டு இவரைப் பிடித்திருந்தால் அடுத்த தொகுதி எப்போதோ வந்திருக்கும்' என்று இன்னொருவர் விடை கூறுவார்.

இந்தச் சர்ச்சையில் தவறு ஒன்றுமில்லை. ருசியாக இருக்கிறது என்று சொன்ன பிறகு சமையற்காரரின் பெயரைக் கேட்பது மரியாதைதான். ஆனால் சமைத்த அம்மாளே எதிரில் நின்று பரிமாறும்போது, 'அடுப்பு மூட்டியவர் யார்?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவது மரியாதையாகுமா? ஸ்ரீமதி மாயாவுக்கு நேர்ந்தது ஏறக்குறைய அதுதான்.

முதல் தாமதமும் முதல் வதந்தியும்

அவருடைய முதல் தொகுதிக்குத் தந்தையின் பெயரையே இட்டு 'அருளர்' என்று அழைத்தார். அது 2004-ஆம் ஆண்டிலேயே வர வேண்டியது; தாமதமாகி 2005 மார்ச்சில் வந்தது. நடுவிலிருந்த மாதங்களில் ரஸிகர்களின் பசியைத் தணிக்க, அமெரிக்காவைச் சேர்ந்த டிப்லோ என்ற இளைஞருடன் சேர்ந்து, அந்தப் பாட்டுக்களைப் பிறருடைய பாட்டுக்களோடு கலந்து ஒரு தொகுப்பை 2004-இன் இறுதியில் வெளியிட்டார். டிப்லோவின் இயற்பெயர் தாமஸ் வெஸ்லி பென்ட்ஸ். கெட்டிக்காரர், பிற்காலத்தில் பெரும் புகழும் பெற்றவர்.

அந்தத் தொகுப்பு வந்ததுதான் தாமதம், 'அருளர்' முழுவதையும் உருவாக்கியவர் டிப்லோவே என்ற எண்ணம் பத்திரிகைகளில் படர்ந்துவிட்டது. உண்மையில் 'அருளர்' தொகுதியில் டிப்லோவின் கைவண்ணம் என்று குறிக்கத்தக்கது 'பக்கி டன் கன்' என்ற ஒரு பாட்டு. 'கலாங்' பாட்டுக்கு உதவியவர்கள் ஸ்டீவ் மக்கி, ராஸ் ஆர்ட்டன் என்னும் இருவர். இன்னும் சிலரும் வெவ்வேறு பாட்டுக்களில் கைகொடுத்தனர். எல்லாப் பாட்டிலும் இருந்தவர் ஒரே ஒருவர், அவர்தான் பாடியவர். எனினும் வதந்திக்குக் கால்கள் அதிகம். உண்மை செருப்பை மாட்டிக்கொள்வதற்குள் அது ஊரை மும்முறை சுற்றி வந்துவிடுகிறது.

விஸா செய்த பரீட்சை

இரண்டாவது தொகுதிக்கு ரஸிகர்கள் காத்திருந்தபோது, சர்ச்சை வேறொருவர் பேரில் திரும்பிற்று. அமெரிக்காவில் அக்காலத்தில் கொடிகட்டிப் பறந்த தயாரிப்பாளர் டிம்பாலண்ட். ஸ்ரீமதி மாயா அவருடன் சேர்ந்து பெரும் பகுதியைச் செய்யப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. அவரும் அப்படித்தான் உத்தேசித்திருந்தார். ஆனால் 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தங்கி வேலை செய்ய அவருக்கு விஸா கிடைக்கவில்லை. டிம்பாலண்ட் அந்தப் பக்கம், மாயா இந்தப் பக்கம், நடுவில் அட்லாண்டிக் மகா சமுத்திரம்.

இந்தச் சங்கடத்தை நாம் ஒரு பரீட்சையாகவே கருதலாம். பெயர் பெற்ற தயாரிப்பாளர் இல்லாவிட்டால் பாடகியிடம் என்ன மிஞ்சும் என்று கேட்டார்கள் அல்லவா? அமெரிக்க அரசாங்கம், தான் அறியாமலே, அந்தப் பரீட்சையை நடத்திக் கொடுத்துவிட்டது.

மாயா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். இந்தியா, டிரினிடாட், ஜமெய்க்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று பல தேசங்களிலே பாட்டுத் தேடினார். துணைக்கு இருந்த முக்கியமான தயாரிப்பாளர் ஸ்விட்ச் என்ற புனைபெயர் கொண்ட ஆங்கிலேயர் டேவ் டெய்லர். சென்னைக்கு வந்தபோது ஸ்ரீ ஏ. ஆர். ரஹ்மான் தம் ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்துவிட்டு உதவினார். அங்கேதான் நம் ஊர் உருமி அவர் பாட்டுக்குள் நுழைந்தது.

உருமியைப் பற்றி வடமதுரை வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் பட்டணத்து நேயர்களுக்காக இரண்டு வார்த்தை: உருமி இரு முகம் கொண்ட தோல் வாத்தியம்; இடை சிறுத்து, பார்வைக்குப் பெரிய உடுக்கை போலிருக்கும். ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். மற்றொரு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கையில் எழும் நாதம் அடிவயிற்றிலிருந்து வரும் உறுமலைப் போன்றது. பெயரும் அதனால் வந்ததே. கோயில் திருவிழாவிலும் இழவு வீட்டிலும் அது ஒலிக்கும். நமது பக்கத்தில் ராஜகம்பளத்தார் ஆடும் தேவராட்டத்துக்கு அடிக்கும் தேவதுந்துபியும் உருமி இனத்தைச் சேர்ந்ததே. அந்த உறுமல் காதில் விழுந்ததும் கால் தானாக நிலத்தைத் தட்டாதவர் நம் ஜில்லாவில் உண்டா?

சென்னையில் பல கலைஞர்கள் கூடி அடித்த உருமியைக் கொண்டு 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' முதலிய பாட்டுக்கள் உருவாயின. 'பேர்ட் ஃப்ளூ' என்றால் கோழிகளுக்கு வரும் காய்ச்சல். பாட்டுக்கு இப்படிப் பெயர் வைப்பார்களா என்று நம் சங்கீத வித்வான்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் அந்தப் பாட்டில் உருமியும் குழந்தைகளின் கூச்சலும் கோழிக் கொக்கரிப்பும் சேர்ந்து கிளப்பும் ஆரவாரத்தைக் கேட்டால், நம் கிராமத்துத் திருவிழாவில் ஒரு மூலையைப் பெயர்த்து லண்டனில் கொண்டுபோய் வைத்தாற்போல் இருக்கிறது. அதே தொகுதியின் முதற்பாட்டான 'பாம்பூ பாங்கா'வில், 1991-இல் வெளியான 'தளபதி' படத்துக்காக இளையராஜா அமைத்த 'காட்டுக்குயிலு' பாட்டின் பகுதி எடுத்தாளப்பட்டிருக்கிறது. நம் அயலில் உள்ள பண்ணைப்புரத்தில் பிறந்தவர் போட்ட தாளம், நியூயார்க் நடன சாலைகளில் அங்குள்ள இளைஞர்களை ஆட்டிவைத்தது என்றால் வேடிக்கைதான்.

தாயாரின் பெயரால் 'கலா' என்று வழங்கும் அந்தத் தொகுதி 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. டிம்பாலண்டின் பாட்டு அதில் ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில். அந்த ஆண்டின் தலைசிறந்த தொகுதி என்று 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 'கலா'வுக்கு முதலிடம் கொடுத்தது. அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு 2008-இல் அமெரிக்கப் பாட்டு வரிசையில் நான்காவது இடம் வரை ஏறிற்று. விஸாவுக்காக அலைந்தவர்களைப் பற்றிய பாட்டு அது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வாசலில் நிறுத்திவைத்த தேசத்தின் வானொலிகளெல்லாம் அந்தப் பாட்டையே ஒலிபரப்பின. அந்த ஆண்டே வெளியான 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் அவரும் ரஹ்மானும் சேர்ந்து அளித்த 'ஓ ஸாயா' பாட்டு 2009-இல் ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரையும் பெற்றது.

ஒரு பெண்மணியின் கோபம்

பரீட்சையில் தேறியாயிற்று. இனியாவது சர்ச்சை ஓய்ந்திருக்கும் என்று நேயர்கள் நினைக்கலாம். ஓயவில்லை. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க இசைப் பத்திரிகையான 'பிட்ச்ஃபோர்க்' அவரைப் பேட்டி கண்டபோது, அவர் தம் மனக்குறையை வெளிப்படையாகச் சொன்னார். தமது பாட்டுக்களுக்கு மூளையாக இருப்பவர் டிப்லோ என்று பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. தாம் செய்த வேலை ஓர் ஆணின் கணக்கில் வரவாகிறது. தமக்கென்று சொந்த யோசனை இருக்க முடியாது என்பதுபோல் பேசுகிறார்கள் என்பது அவர் கூறியதன் சாரம்.

இது தனியொருவரின் குறை அன்று. ஐஸ்லாந்து தேசத்துப் பாடகி பியோர்க் என்பவர் 2015-இல் அதே பத்திரிகைக்கு அளித்த பேட்டியில் இதைப் போன்ற அநுபவத்தைச் சொன்னார். 2001-இல் வெளிவந்த தமது தொகுதி ஒன்றின் நுண்ணிய தாளங்களை மூன்று வருஷம் உட்கார்ந்து தாம் அமைத்தபோதிலும், கடைசிக் கட்டத்தில் வந்து உதவிய இரண்டு நண்பர்களே முழுவதையும் செய்ததாக எங்கும் எழுதிவிட்டார்களாம். அந்த நண்பர்கள் யோக்கியர்கள். தங்களுக்கு அந்தப் பெருமை உரியதன்று என்று தாங்களே மறுத்தும் பயனில்லையாம்.

வெளிநாட்டாரை மட்டும் சொல்வானேன்? நம் பாரத தேசத்திலேயே 1949-ஆம் ஆண்டில் 'மஹல்' என்ற ஹிந்திப் படம் வந்தது. அதில் ஒரு பாட்டு தேசமெங்கும் பரவிற்று. அந்தப் பாட்டின் கிராமபோன் தட்டிலே பாடியவர் பெயர் 'காமினி' என்று அச்சிட்டிருந்தது. காமினி என்பது கதையில் வரும் பாத்திரத்தின் பெயர்! ரத்தமும் சதையுமாக நின்று பாடிய லதா மங்கேஷ்கருக்குத் தட்டில் இடமில்லை. பாடியவர் யார் என்று நேயர்கள் வானொலி நிலையத்துக்கு எழுதிக் கேட்ட பிறகே அந்தப் பெயர் வெளிப்பட்டது. இந்த விஷயத்தில் ரஸிகர்கள் செய்த நன்மையை நாம் மறக்கக் கூடாது. கேள்வி கேட்கும் ரஸிகரால் பாட்டுக்காரருக்கு நியாயமும் கிடைக்கலாம், அநியாயமும் நேரலாம். எல்லாம் அவர் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது.

மாதங்கிக்காகக் காத்திருந்த நாட்கள்

இப்போது 2013-ஆம் ஆண்டின் கதைக்கு வரலாம். தந்தையின் பெயரில் ஒன்று, தாயின் பெயரில் ஒன்று, 2010-இல் 'மாயா' என்று தம் செல்லப் பெயரில் ஒன்று ஆக மூன்று தொகுதிகள் வெளியான பின்பு, நான்காவதற்குத் தமது முழுப் பெயரான 'மாதங்கி' என்பதையே இட்டார். மாதங்கி என்பது வாக்குக்கும் இசைக்கும் உரிய தேவியின் திருநாமம். வீணையைக் கையிலேந்திய சியாமளையாக நம் முன்னோர் வழிபட்ட வடிவம் அது. மதுரை மீனாக்ஷியையே ராஜமாதங்கியின் அம்சமாகக் கருதுபவர் உண்டு. தமக்குப் பெயராக அமைந்த தேவியைப் பற்றி மாயா பிற்காலத்தில்தான் தேடிப் படித்தாராம். ஊரைவிட்டுப் போன குழந்தைகள் தங்கள் பெயரின் பொருளைப் புத்தகத்தில் தேடித் தெரிந்துகொள்ளும் காலம் இது.

தொகுதி வெளிவரும் என்று முதலில் எதிர்பார்க்கப்பட்டது 2012 டிசம்பரில். அந்த ஆண்டின் தொடக்கத்தில் வெளியான 'பேட் கேர்ள்ஸ்' என்ற பாட்டு பெரு வெற்றி பெற்றிருந்ததால், ரஸிகர்களின் ஆவல் கரை புரண்டது. அப்பாட்டைத் தயாரித்தவர் டாஞ்சா. டிம்பாலண்டிடம் தொழில் பழகியவர். ஆகவே, 'தொகுதி முழுவதையும் டாஞ்சாவிடமே ஒப்படைத்திருக்கலாம்' என்றது ஒரு கட்சி. 'பழைய துணைவர் ஸ்விட்ச் இருக்கையில் புதியவர் எதற்கு?' என்றது மற்றொரு கட்சி. 'டிப்லோ இல்லாமல் சோபிக்காது' என்று பழைய பல்லவியைப் பாடிய கட்சியும் இருந்தது. டிசம்பர் வந்தது; தொகுதி வரவில்லை.

தாமதத்துக்கு மாயா கூறிய காரணம் விசித்திரமானது. தொகுதியைக் கேட்ட கம்பெனிக்காரர்கள், அதில் நம்பிக்கையும் நல்லுணர்ச்சியும் அளவுக்கு மிஞ்சி இருப்பதாக அபிப்பிராயப்பட்டார்களாம்! சண்டைக்காரி என்று பெயரெடுத்தவர் சாந்தமாகப் பாடினால் சரக்கு விலைபோகாது என்று பயந்தார்கள் போலும். பிறகு 2013 ஏப்ரல் என்றார்கள். ஏப்ரலும் போயிற்று. ஆகஸ்டில் மாயாவின் பொறுமை எல்லை கடந்தது. கம்பெனி இன்னும் தாமதித்தால் பாட்டுக்களைத் தாமே ஊரறிய வெளியிட்டுவிடப் போவதாகப் பகிரங்கமாக எச்சரித்தார். அதன் பிறகு கம்பெனி விழித்துக்கொண்டது. நவம்பர் மாதத்துக்கு நாள் குறிக்கப்பட்டது. அம்மாதத்தின் முதல் வாரத்தில் 'மாதங்கி' வந்தே விட்டது. ஸ்விட்ச், டாஞ்சா, ஹிட்-பாய், சர்கின் என்று பலர் அதில் வேலை செய்திருந்தார்கள். டிப்லோ இல்லை. கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? பல பேர் கை வைத்திருந்தும், முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை இது மாயாவின் பாட்டு என்றே தெரிகிறது என்றார்கள்.

இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? நான்கு தொகுதிகளில் தயாரிப்பாளர்கள் வந்தார்கள், போனார்கள், சண்டையிட்டார்கள், சமாதானமானார்கள். 2022-இல் வெளியான 'மாதா' தொகுதியில் 'பாப்புலர்' என்ற பாட்டுக்கு அதே டிப்லோவே திரும்பி வந்து வேலை செய்தார். ஆட்கள் மாறினாலும் பாட்டின் சாயல் மாறவில்லை. பல கொத்தனார்கள் கட்டிய பல வீடுகள் ஒரே முகமாக இருந்தால், படம் போட்டுக் கொடுத்தவர் ஒருவரே என்று ஊகிக்கக் கணித சாஸ்திரம் வேண்டியதில்லை.

அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான்

ஆனால் நியாயம் என்பது ஒரு பக்கம் மட்டும் பேசுவதன்று. மாயாவுக்கு உரியதை டிப்லோவுக்குக் கொடுத்தது தவறானால், ஸ்விட்சுக்கு உரியதை மாயாவுக்குக் கொடுப்பதும் தவறே. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடிப்படையான நாதம், 'கிளாஷ்' என்னும் ஆங்கிலக் குழுவினர் 1982-இல் வெளியிட்ட பாட்டிலிருந்து எடுத்தது. பாட்டை இயற்றியவர்களின் பட்டியலில் அவர்கள் பெயர்களும் ஒழுங்காகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அப்படிச் செய்தது சரியான முறை. அதனால் பாட்டின் சிறப்போ பாடகியின் சிறப்போ இம்மியும் குறைந்துவிடவில்லை.

இந்த அளவுகோலை இன்னும் சற்றுத் தூரம் நீட்டிப் பார்ப்போம். டிப்லோவா, ஸ்விட்சா, டிம்பாலண்டா என்று இரவெல்லாம் விவாதித்த ரஸிகர்களில், சென்னையில் உருமி அடித்தவர்களின் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்? தோல் விறைக்க நெருப்பில் காய்ச்சி, வளைந்த குச்சியால் தேய்த்துத் தேய்த்துக் கை காய்த்துப்போன கலைஞர்கள் அவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் 'பேர்ட் ஃப்ளூ'வில் கோழியின் கொக்கரிப்பு மட்டுந்தான் மிஞ்சியிருக்கும். பெரிய சர்ச்சைகளிலெல்லாம் இப்படித்தான் நடக்கிறது. இரண்டு பிரபலஸ்தர்களுள் யார் பெரியவர் என்ற வழக்கில், பெயர் தெரியாத மூன்றாமவர் சாட்சிக் கூண்டுக்குக்கூட அழைக்கப்படுவதில்லை.

மேல்நாட்டாரை நோக்கி விரலை நீட்டுமுன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம் ஊர்த் திருவிழாவுக்கு உருமி மேளம் அழைக்கிறோம். நோட்டீஸிலே உபயதாரர்களின் பெயர்கள் வரிசையாக அச்சாகின்றன. தலைமை வகிப்பவர், முன்னிலை வகிப்பவர், வாழ்த்துரை வழங்குபவர் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. மேளக்காரர்களைப் பற்றி 'உருமி மேளம் முழங்க' என்று மூன்று சொல். முழங்குவது மேளந்தானா? அடிக்கிற மனிதர் கிடையாதா? அவருக்குத் தாய் தந்தையர் ஒரு பெயர் வைத்திருக்க மாட்டார்களா? இரண்டு வரி கூடுதலாக அச்சிடுவதால் அச்சுக்கூலி அதிகமாகிவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுரையின் தொடக்கத்தில் நமக்கும் இதில் பாத்தியதை உண்டு என்றோம். ஸ்ரீமதி மாயா புகழ் பெற்றதும், 'அவர் தமிழ்ப் பெண், ஆகையால் பெருமை தமிழ்நாட்டுக்கே' என்று நாம் மார்தட்டத் தொடங்கினால், அதுவும் ஒருவர் செய்த வேலையை மற்றொருவர் கணக்கில் வரவு வைப்பதுதான். அகதியாக வந்த குழந்தை லண்டன் குடியிருப்பில் பட்ட பாட்டை நாம் படவில்லை. கடன் வாங்கிய யந்திரத்தில் இரவு பகலாகத் தட்டியது நாம் அல்லோம். நாம் கொடுத்தது ஓர் உருமியும் ஒரு பெயரும். அவற்றை அவர் மறைக்காமல், வெட்கப்படாமல், உலகத்தின் நடுக்கூடத்தில் எடுத்து வைத்தார். அதற்காக மகிழ்ச்சி அடையலாம், நன்றி சொல்லலாம். அவ்வளவுதான் நம் பாத்தியதை.

நாடாவைத் தைத்த கை

2019-ஆம் ஆண்டில் இங்கிலாந்து ராணியின் பிறந்தநாள் கௌரவப் பட்டியலில் மாதங்கி அருள்பிரகாசத்தின் பெயர் இடம்பெற்றது. இசைக்குச் செய்த சேவைக்காக எம்.பி.ஈ. என்ற விருது. அவருடைய அரசியலோடு நமக்கு எவ்வளவு உடன்பாடு என்பது வேறு விஷயம். ஏகாதிபத்தியம் வழங்கும் பதக்கங்களைப் பற்றி நம் தேசத்தில் பலவிதமான அபிப்பிராயங்கள் உண்டு என்பதும் வேறு விஷயம். ஆனால் விருதை ஏற்பதற்கு மாயா சொன்ன காரணத்தை மட்டும் நேயர்கள் தவறாமல் அறிய வேண்டும்.

1986-இல் அகதியாக இங்கிலாந்து சேர்ந்த அவருடைய தாயார் கலா, வயிற்றுப் பிழைப்புக்காக ஏற்றுக்கொண்ட தையல் வேலை என்ன தெரியுமா? அரசாங்கம் வழங்கும் அந்தப் பதக்கங்களுக்கு உரிய பட்டு நாடாவைக் கையால் தைப்பது. முப்பது வருஷங்களுக்கு மேல் ஆயிரக்கணக்கான பதக்கங்களுக்கு அந்த அம்மாள் நாடா தைத்தார். பதக்கம் பெற்றவர்களின் பெயர்கள் பத்திரிகைகளில் வந்தன. தைத்தவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. மகளுக்கு விருது அறிவிக்கப்பட்டபோதுதான், அம்மாவின் உழைப்புக்கு மரியாதையாக இதைப் பெற்றுக்கொள்கிறேன் என்று மகள் சொல்ல, உலகத்துக்கு அந்தச் செய்தி தெரிந்தது.

ஒரு தொகுதிக்குக் 'கலா' என்று பெயர் வைத்தது ஏன் என்று அப்போது கேட்டவர்களுக்கு, பன்னிரண்டு வருஷம் கழித்து முழு விடை கிடைத்தது. தயாரிப்பாளர் யார் என்று அடுத்த முறை சர்ச்சை எழும்போது, நம் வீட்டு இளைஞர்கள் அதில் தாராளமாகக் கலந்துகொள்ளட்டும். பட்டியலை மட்டும் கடைசிப் பெயர் வரை படித்துவிட்டு வாயைத் திறக்கட்டும்.